நீண்ட ஓட்டம் முடிந்த பிறகு: முதல் 3 நாட்கள்

15, 20 கிலோமீட்டர் ஓடி முடித்ததும் உடனே உட்காராதீர்கள். சட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும்; சிலர் மயங்கியே விழுவார்கள். 10 நிமிடம் மெதுவாக நடங்கள்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதை நாக்கிடம் கேட்பதைவிட எடை மெஷினிடம் கேட்கலாம். ஓடுவதற்கு முன்பும், ஓடிவிட்டு வியர்வையைத் துடைத்த பிறகும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் வியர்வை போயிருக்கிறது. குடிப்பதில் ஒரு பங்கு சிறுநீராகிவிடும் என்பதால் 1¼ முதல் 1½ லிட்டர் வரை, சில மணி நேரத்துக்குப் பிரித்துக் குடியுங்கள். உப்புப் போட்ட மோர் அருமையான தேர்வு. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. கூடவே உப்புள்ள உணவும் வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். குமட்டல், தலைவலி, மனக்குழப்பம், முற்றினால் வலிப்பு. ஓடிய பின் எடை கூடியிருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள்.

மறுநாளும் ஓடுபவர், முதல் 4 மணி நேரம், உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் வீதம் மணிதோறும் மாவுச்சத்து எடுக்க வேண்டும். 60 கிலோ எடைக்கு 60 கிராம். நடுத்தர இட்லி ஐந்து அதையொட்டி வரும். இரண்டு நாள் ஓய்வு இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை, வழக்கமான சாப்பாடு போதும். புரதம் 20 கிராம்: இரண்டு முட்டை, 250 மில்லி பால்.

மறுநாள் படி இறங்கும்போது தொடை பிடித்துக்கொள்வதற்கு லாக்டிக் அமிலம் காரணம் என்று இன்னமும் சொல்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் ஏறிய லாக்டேட் (அந்த அமிலம் ரத்தத்தில் இருக்கும் வடிவம்) ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். காலை ஊன்றும்போதெல்லாம் தொடைத்தசை நீண்டபடியே சுமை தாங்குகிறது. அதில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு வீங்குவதால்தான் வலி. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டுத் தானாகத் தணியும். வலிக்கும் தசையை இழுத்து நீட்டிப் பயனில்லை. 20 நிமிட நடை இதம் தரும். 8 மணி நேரத் தூக்கத்துக்கு ஈடாக எந்தப் பவுடரும் இல்லை. ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை வேண்டாம்: நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைக்கும்.

தசை கடுமையாக வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது சாதாரண வலி அல்ல. சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.