மீன் எடைக் கணக்கு குறைத்துக் காட்டியது ஏன்?

எமரால்டு ஏரியில் பிடிக்கும் கெண்டைக்குத் தராசு இல்லாமல் எடை பார்க்க ஒரு கணக்கு உண்டு. சென்டிமீட்டரில் நீளத்தைச் சுற்றளவால் இரண்டு முறை பெருக்கி 29-ஆல் வகுத்தால், ஏறக்குறைய கிராம் வரும். எனக்கு மட்டும் அது எப்போதும் மீன்கடைத் தராசைவிடக் குறைவாகவே வந்தது.

தராசில் படிக்கல் வைத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது. வாலின் பிளவு வரை அளந்ததை விட்டு நுனி வரை அளந்தேன்; கொஞ்சம் ஏறியது, போதவில்லை. 29-ஐக் குறைத்தால் ஒரு மீனுக்குப் பொருந்தும், அடுத்ததற்குப் பொருந்தாது.

பக்கத்தில் தூண்டில் போட்ட அண்ணன்தான் கவனித்தார்: "தம்பி, நூலை விட்டதும் சுருங்குது பாருங்க."

சுற்றளவுக்கு நான் சுற்றியது தூண்டில் நைலான். வயிற்றைச் சுற்றி இழுக்கும்போது நீண்டு, டேப்பில் வைக்கும்போது சுருங்கிவிடும். சுற்றளவு இரண்டு முறை பெருக்கப்படுவதால் பிழையும் இரட்டிப்பாகிறது. 50 செ.மீ. நீள மீனில் 36-க்குப் பதில் 34 என்று வந்தால், 2,230 கிராம் 1,990 ஆகிவிடும்!

இப்போது பருத்தி நூல்தான். மீனை ஈரச் சாக்கில் கிடத்தி, முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், வயிறு அமுங்காமல் சுற்றுகிறேன். தராசோடு ஒத்துப்போகிறது, பெரிய நிம்மதி. முட்டை நிறைந்த மீனுக்கு மட்டும் கொஞ்சம் விலகும்.