ஒரே பதிவு, இரண்டு மென்பொருள், இரண்டு உயரம்: எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

ராமநாதபுரம் கடற்கரையில் ஜிபிஎஸ் சர்வே செய்கிறவர்களுக்கு உயரம்தான் முக்கியம். வாலிநோக்கத்து உப்பளமோ, தொண்டிப் பக்கத்து இறால் பண்ணையோ, தரை தட்டையாகக் கிடக்கிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சில சென்டிமீட்டர் முடிவு செய்துவிடும். அதனால் ரிசீவரில் எடுத்த ஒரே பதிவை இரண்டு மென்பொருளில் போட்டு, ஒன்று 8 சென்டிமீட்டர் கூடக் காட்டினால் சும்மா விட முடியாது.

கீழக்கரையில் உப்பளம் வைத்திருக்கும் ஒருவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், அப்படி வந்த இரண்டு ரிப்போர்ட்டை மேசையில் விரித்துவைத்து, "தம்பி, இதுல எது சரி? அதை மட்டும் சொல்லு" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த இரண்டு தாளை மட்டும் பார்த்து யாராலும் பதில் சொல்ல முடியாது. இரண்டு கணக்கும் எந்தப் படியில் பிரிந்தன என்று தேடிப் பிடித்தால்தான் முடியும். நான் தேடும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், கடைசியில் வரும் கோஆர்டினேட்டை ஒப்பிடாதீர்கள். அதற்குள் ஏழெட்டு முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பேஸிலிருந்து (தெரிந்த புள்ளியில் நிற்கும் ரிசீவர்) ரோவருக்கு (அளக்க வேண்டிய புள்ளியில் வைக்கும் ரிசீவர்) போகும் வெக்டரை எடுங்கள்: டெல்டா எக்ஸ், ஒய், இசட். டிரிம்பிள் பிசினஸ் சென்டர், லைக்கா இன்ஃபினிட்டி போன்ற மென்பொருள்களின் பேஸ்லைன் ரிப்போர்ட்டில் இது இருக்கும். ஆர்டிகேலிப் என்ற இலவச மென்பொருளில் வெளியீட்டை எக்ஸ்/ஒய்/இசட் இசிஇஎஃப் (பூமியின் மையத்திலிருந்து அளப்பது) என்று மாற்றி, பேஸின் எண்களைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டு பக்கத்து வெக்டரும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால், செயற்கைக்கோள் கணக்கில் தகராறு இல்லை. வித்தியாசம் அதற்குப் பிறகு வந்தது. வெக்டரே பிரிந்தால் பதிவுக்கும் அமைப்புகளுக்கும் திரும்பிப் போக வேண்டும்.

வெக்டர் பிரிந்திருந்தால் நான் முதலில் பார்ப்பது ஆன்டெனா. உயரத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை வரும் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டிரைபாடில் டேப் பிடித்துச் சாய்வாக அளந்தீர்களா, நேர் உயரமா? அளந்தது ஆன்டெனாவின் அடிப்பகுதி வரையா, பக்கத்துக் கோடு வரையா? ரிசீவர் கம்பெனியின் சொந்த மென்பொருளுக்கு அந்தக் கோட்டின் கதை தெரியும். பதிவை ரைனெக்ஸாக (எல்லா மென்பொருளும் படிக்கும் பொதுக் கோப்பு வடிவம்) மாற்றி வேறொன்றில் போட்டால், அது ஹெடரில் ஆன்டெனா டெல்டா என்ற வரியில் இருக்கும் எண்ணை மட்டும்தான் நம்பும். அந்த எண் ஆன்டெனாவின் அடிப்பகுதி வரையிலான நேர் உயரமாக இருக்க வேண்டும். அப்புறம் ஆன்டெனாவின் பெயர். சிக்னலைப் பிடிக்கும் மின் மையம் அடிப்பகுதிக்குப் பல சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. எவ்வளவு மேலே என்பது ஒவ்வொரு மாடலுக்கும் அலைவரிசைக்கும் மாறும். ஐஜிஎஸ் என்ற சர்வதேச அமைப்பு வெளியிடும் அளவுத்திருத்தக் கோப்பில் அந்தப் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே ஹெடரிலும் இருக்க வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் சில மென்பொருள் எச்சரிக்கும். சில எதுவும் சொல்லாமல் திருத்தத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு போய்விடும். பேஸிலும் ரோவரிலும் ஒரே மாடல் இருந்தால் இந்தப் பிழை தானாக அடிபட்டுப் போகும். வேறு வேறு மாடல் என்றால் அப்படியே உயரத்தில் வந்து உட்காரும்.

அடுத்தது அயனோஸ்பியர், சிக்னலைத் தாமதப்படுத்தும் மேல் வளிமண்டல அடுக்கு. நம் ஊருக்கு இது தனிப் பிரச்சினை. காந்த நிலநடுக்கோடு நம் மாவட்டத்துக்குப் பக்கத்தில்தான் போகிறது. திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். பிற்பகலில் அயனோஸ்பியர் தடித்துப்போகும். சூரியன் இறங்கியபின், குறிப்பாக மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், சிக்னல் துடித்து அறுந்து அறுந்து வரும். இதை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. குறுகிய பேஸ்லைனுக்கு எல்1 என்ற ஒரே அலைவரிசை போதும் என்று ஒன்று முடிவு செய்யும். இன்னொன்று இரண்டு அலைவரிசையையும் சேர்த்து அயனோஸ்பியரை நீக்கும். அதில் இரைச்சல் மூன்று மடங்காகும். எத்தனை கிலோமீட்டருக்கு மேல் முறையை மாற்றுவது என்ற எல்லையும் மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. என் முறை இது: 5 கிலோமீட்டருக்குள், காலைப் பதிவு என்றால் எல்1 ஃபிக்ஸ், அதாவது அலைகளின் எண்ணிக்கையை முழு எண்ணாகப் பிடித்த விடை. மண்டபத்தில் பேஸ் வைத்துத் தனுஷ்கோடி முனை வரை போவது போன்ற நீளம் என்றால் இரண்டு அலைவரிசை, கூடவே நீண்ட பதிவு. எதுவானாலும் மாலை ஐந்து மணிக்குள் ரிசீவரை மூட்டை கட்டிவிடுவேன். இருட்டும்வரை ஓடிய பதிவு கையில் இருந்தால், மாலைப் பகுதியை வெட்டிவிட்டு இரண்டிலும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். பல சமயம் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஃபிக்ஸ் என்று திரையில் வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஆர்டிகேலிப்பில் ரேஷியோ (முதல் விடை இரண்டாவதைவிட எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்ற அளவு) 3 என்று இருப்பது இயல்பு அமைப்பு. மற்றவை தங்கள் சோதனையை உள்ளேயே வைத்திருக்கின்றன. தவறான முழு எண்ணில் ஃபிக்ஸ் ஆன கணக்கும் அழகான ரிப்போர்ட்தான் கொடுக்கும். சந்தேகம் வந்தால் பதிவை இரண்டு பாதியாக வெட்டி, தனித்தனியாக ஓட்டி, இரண்டு விடையும் ஒன்றா என்று பார்ப்பதே நான் அறிந்த நல்ல சோதனை.

எஃபிமெரிஸைப் பற்றி, அதாவது செயற்கைக்கோள் எங்கே இருந்தது என்று சொல்லும் தரவைப் பற்றி, நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள், தேவையில்லை. செயற்கைக்கோள் இடத்தில் 1 மீட்டர் பிழை இருந்தால் 10 கிலோமீட்டர் பேஸ்லைனில் வருவது அரை மில்லிமீட்டர். 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கார்ஸ் நிலையத்தோடு (எப்போதும் ஓடும் நிரந்தர ரிசீவர்) இணைத்தால் மட்டும் துல்லியக் கோப்பை இறக்குங்கள். ஈரக்காற்றுக்கான ட்ரோபோஸ்பியர் (கீழ் வளிமண்டலம்) கணக்கும் அப்படித்தான். பேஸும் ரோவரும் பக்கத்தில், ஒரே மட்டத்தில் இருந்தால் அது அடிபட்டுப்போகும். ஒரு மணி நேரப் பதிவில் அதை மதிப்பிடச் சொன்னால் உயரம்தான் ஆடும்.

சரி, வெக்டர் ஒத்துப்போகிறது, கோஆர்டினேட் பிரிகிறது. அப்படியானால் பேஸைப் பாருங்கள். ஒன்றில் நீங்கள் சரியான எண்ணைத் தட்டியிருப்பீர்கள். இன்னொன்று ரைனெக்ஸ் ஹெடரில் உள்ள தோராய இடத்தை எடுத்துக்கொண்டிருக்கும், அது சில மீட்டர் தள்ளி இருக்கலாம். ஆஸ்பாஸ், சிஎஸ்ஆர்எஸ்-பிபிபி போன்ற இணையச் சேவைகளில் பேஸைக் கணக்கிட்டால், பதிவு எடுத்த அன்றைய தேதிக்கான ஐடிஆர்எஃப் (உலகப் பொது அளவுச் சட்டகம்) கோஆர்டினேட் கிடைக்கும். இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. பத்து ஆண்டுக்கு முந்தைய தேதிக்கு நிறுத்திவைத்த பழைய கோஆர்டினேட்டோடு ஒப்பிட்டால் அரை மீட்டர் வித்தியாசம் வந்தே தீரும், அதில் யார் பிழையும் இல்லை. இன்னொன்று: சிஎஸ்ஆர்எஸ் தன் பிழை அளவை 95 சதவீதத்துக்குச் சொல்கிறது. ஒரு சிக்மாவில் (சுமார் 68 சதவீதம்) சொல்லும் மென்பொருளோடு வைத்தால் அது இரண்டு மடங்கு மோசமாகத் தெரியும். எண்ணை மாற்றிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

தூரம் பிரிந்தால் புரொஜெக்‌ஷன். உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் கணக்கு அது. நம் மாவட்டம் யுடிஎம் என்ற உலகக் கட்ட முறையில் 44-ஆம் மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது, நடுக்கோடு 81 டிகிரி. ராமநாதபுரம் டவுனில் கிரிட் தூரம் (விரித்த தட்டையில் அளந்தது) தரைத் தூரத்தைவிடக் கிலோமீட்டருக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் கூடுதலாக வரும்; ராமேஸ்வரத்தில் சில சென்டிமீட்டர்தான். ஒரு மென்பொருள் கிரிட் தூரத்தையும் இன்னொன்று தரைத் தூரத்தையும் அச்சிட்டால் தரையில் தூரம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன்காரர் நம் மேல் பாய்வார். எவரெஸ்ட் எலிப்சாய்டில் (பூமிக்கு முன்பு வைத்த கணித வடிவம்) உள்ள பழைய வரைபடத்துக்கு மாற்றும்போது கவனம் இன்னும் தேவை: மாற்று எண்களின் தொகுப்பு ஒவ்வொரு மென்பொருளிலும் வேறாக இருந்தால் மீட்டர் கணக்கில் தள்ளும்.

இப்போது உயரம். நம் கடற்கரையில் எலிப்சாய்டு உயரம், அதாவது பூமியின் கணித வடிவத்திலிருந்து ஜிபிஎஸ் அளப்பது, மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே காட்டும். முதல்முறை பார்ப்பவர்கள் கருவி பழுது என்று நினைப்பார்கள். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் உலகத்திலேயே ஆழமான ஜியாய்டு (சராசரிக் கடல் மட்டத்தின் வடிவம்) பள்ளம் இருக்கிறது. அதன் சரிவில் நாம் இருக்கிறோம். கடல் மட்ட உயரத்துக்கு மாற்ற ஒரு மென்பொருள் இஜிஎம்96 என்ற ஜியாய்டு மாதிரியையும் இன்னொன்று இஜிஎம்2008 மாதிரியையும் எடுத்தால், ஒரே புள்ளிக்கு டெசிமீட்டர் கணக்கில் வித்தியாசம் வரலாம். சரிவு இருப்பதால் ஒரு ஊரில் சரிபார்த்த வித்தியாசத்தை அப்படியே அடுத்த ஊருக்கு எடுத்துப்போகவும் கூடாது. எந்த மாதிரி என்று ரிப்போர்ட்டில் எழுதாத உயரத்தை நான் யாரிடமும் வாங்குவதில்லை, கொடுப்பதும் இல்லை.

கடைசித் தீர்ப்பு ஆட்டோ லெவலிடம்தான், கிடைமட்டமாகப் பார்த்து உயர வித்தியாசம் அளக்கும் கருவி. பேஸ் புள்ளியிலிருந்து உப்பளத்தின் மறு ஓரத்துக்கு லெவல் எடுத்து, தொடங்கிய புள்ளிக்கே திரும்பி மூடி வந்து, அந்த உயர வித்தியாசத்தை இரண்டு மென்பொருளும் தரும் உயர வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். காக்காவின் உப்பளத்தில் இப்படிச் செய்தபோது, ஆன்டெனா பெயர் சரியாக இருந்த கணக்கு லெவலோடு ஒத்துப்போனது. இன்னொன்றில் ரோவரின் ஆன்டெனா பெயர் காலியாக இருந்தது. பெயரை நிரப்பி மறுபடி ஓட்டியதும் அதுவும் வந்து சேர்ந்தது. பாத்திகளின் வரப்பு உயரத்தை அந்த லெவல் புத்தகத்திலிருந்தே குறித்துக் கொடுத்தேன்.