குரலில் உணர்ச்சியை ஆராயப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பேச்சின் ஏற்ற இறக்கத்தில் உணர்ச்சி எப்படித் தெரிகிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆராயப் போகிறேன் என்று யாராவது சொன்னால், யாருடைய குரலை வைத்து என்றுதான் முதலில் கேட்பேன். பலரும் எடுப்பது பெர்லின் தொகுப்பு, அதாவது உணர்ச்சியோடு பேசிப் பதிவு செய்த குரல்களின் தொகுப்பு. பத்து நடிகர்கள், பத்து ஜெர்மன் வாக்கியங்கள், ஏழு வகை உணர்ச்சி. நல்ல தொகுப்புதான், ஆனால் அது நடித்த கோபம். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு "சரி, போ" என்று அடங்கிய குரலில் சொல்லும் கோபத்தை அதை வைத்து விளக்கப் போனால் தப்பாகிவிடும்.

அப்புறம் பிராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய, பேச்சொலியை அளக்கும் இலவச மென்பொருள், நாம் எல்லாரும் அதில்தான் ஆரம்பிக்கிறோம். அது வரைந்து காட்டும் பிட்ச் கோட்டை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டை, அப்படியே நம்புவதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. 200 ஹெர்ட்ஸில் போய்க்கொண்டிருந்த கோடு சட்டென்று 100க்கு விழுந்தால் பேசியவர் சோர்ந்துவிட்டார் என்று எழுதிவிடுகிறார்கள். மென்பொருள் பாதியாகக் கணக்கிட்டிருக்கலாம், வாக்கியக் கடைசியில் குரல் கரகரத்திருக்கலாம். ஹெட்போனை மாட்டி அந்த இடத்தைக் கேளுங்கள். மென்பொருள் பிட்ச்சைத் தேடுவதற்கு ஆண் குரலென்றால் 75 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை என்று எல்லை வைப்பது வழக்கம், ஆனால் கத்துகிற ஆணின் குரல் 300ஐத் தாண்டும், அதாவது நீங்கள் தேடி வந்த கோபத்தையே அந்த எல்லை வெட்டிவிடும். ஆளுக்கு ஆள், பதிவுக்குப் பதிவு மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஹெர்ட்ஸிலேயே ஒப்பிடாதீர்கள். 100லிருந்து 150க்கு ஏறுவதும் 200லிருந்து 250க்கு ஏறுவதும் கணக்கில் ஒன்று, காதுக்கு ஒன்றல்ல. செமிடோனில், அதாவது இசையின் அரைச் சுர அளவில், பார்த்தால் முதலாவது ஏழு, இரண்டாவது கிட்டத்தட்ட நான்குதான்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. கேள்வி என்றால் கடைசியில் குரல் ஏறும் என்று ஆங்கிலப் பாடத்தை இங்கே கொண்டுவராதீர்கள். "வந்தானா" என்பதில் கேள்வியை அந்த ஆகாரமே சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் குரல் ஏறினால் அது ஆச்சரியமா, சந்தேகமா, வெறும் பேச்சு வழக்கமா என்று தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாக்கியத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்: "பாட்டு கேட்டுட்டுப் போ" என்றால் ட்ட வரும் இடமெல்லாம் குரல் நின்று கோடு அறுந்துபோகும், "மாமா மாலையில் வருவார்" என்றால் அறுபடாமல் ஓடும்.

பத்துப் பேர் ஆளுக்கு ஐம்பது வாக்கியம் பேசினால் அது ஐந்நூறு பேர் ஆகாது, புள்ளியியலில் இதை மறந்துவிடாதீர்கள். மொத்தப் பதிவுக்கும் முன்னால் இரண்டே பேரை வைத்து, பதிவிலிருந்து கணக்கு வரை ஒரு முறை முழுவதும் செய்து பாருங்கள். மைக் வாயிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறிக்காமல் விட்டது அப்போதே தெரிந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும், அதைச் சோகம் என்று எழுதிவிடக் கூடாது.