சொன்னதையே திருப்பிச் சொல்லும் குழந்தை: வீட்டில் என்ன செய்வது?

"தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "தண்ணி வேணுமா" என்றே பதில் வருகிறது. இல்லையென்றால், எப்போதோ ஆஸ்பத்திரியில் கேட்ட "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்ற வரி திடீரென்று சாப்பாட்டு நேரத்தில் வருகிறது. முதலாவது உடனடி எதிரொலிப்பு, இரண்டாவது தாமதித்து வருவது. பேச்சுப் பயிற்சியாளர்கள் இரண்டையும் எக்கோலாலியா என்பார்கள். பேசப் பழகும் எல்லாக் குழந்தைகளிடமும் இது கொஞ்சம் உண்டு; பெரும்பாலும் மூன்று வயதை ஒட்டிக் குறைந்துவிடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் கூடுதலாகவும் நீண்ட காலமும் இருக்கும்.

குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இந்தப் பழக்கம் பதிவாகியிருக்கிறது. அதன்பின் வெகுகாலம் இதை அர்த்தமில்லாத சத்தம் என்று நினைத்து நிறுத்தவே பார்த்தார்கள். 1981-இல் பேச்சு ஆய்வாளர்கள் பாரி ப்ரைஸன்ட், ஜூடித் டுகன் இருவரும் உடனடி எதிரொலிப்பை மட்டும் கவனித்து அதற்கு ஏழு விதமான பயன்களைப் பிரித்துக் காட்டினார்கள்: கேட்பது, ஆமாம் என்பது, பேச்சில் தன் முறையை நிரப்புவது, தனக்குத்தானே ஒத்திகை பார்ப்பது போன்றவை. எனவே நிறுத்துவதை மறந்துவிடுங்கள். அந்த வரி என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, நீங்கள் பேசும் விதத்தை மாற்றுவதுதான் பலன் தரும்.

காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

"திருப்பிச் சொல்கிறானே, காது நன்றாகத்தான் கேட்கும்" என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால் அரைகுறையாகத்தான் கேட்கும். குழந்தை ஒத்துழைக்காவிட்டாலும் தூங்கும்போது எடுக்கக்கூடிய பெரா பரிசோதனை (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலை அளப்பது) இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் உள்ள டிஇஐசி என்ற குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்திலோ, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்காக இயங்கும் நிப்மெட் என்ற தேசிய நிறுவனத்திலோ விசாரிக்கலாம்.

ஒரு வாரம் குறிப்பெடுங்கள்

ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள் போடுங்கள். சொன்ன வரி, அதற்குச் சற்று முன் நடந்தது, அப்போது கை, கண், குரல் எப்படி இருந்தன, பிறகு என்ன ஆனது. நாள் முழுக்க எழுத முடியாது. சாப்பாடு, குளியல், வெளியே கிளம்பும் நேரம் என மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிடம் போதும்.

மூன்றாவது கட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. "டிக்கெட் டிக்கெட்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தொட்டால் வெளியே போக வேண்டும் என்று அர்த்தம். அதையே கண்ணை மூடி, ஆடிக்கொண்டே சொன்னால் தன்னை அமைதிப்படுத்திக்கொள்கிறது. அந்த எறும்புக் கடி வரியும் அப்படித்தான்: சாப்பாடு சுட்டிருக்கலாம், வலி என்றாலே அந்த வரி என்று மனதில் ஒட்டியிருக்கலாம். பயமோ சந்தோஷமோ தூக்கலாக இருந்த நேரத்தில் கேட்டவைதான் இப்படி ஒட்டிக்கொள்கின்றன. வீட்டுச் சண்டையில் வந்த வசவு முதலில் பதிவதும் இதனால்தான்.

கேள்வியைக் குறையுங்கள், குழந்தையின் வரியைச் சொல்லுங்கள்

நம் வீடுகளில் குழந்தையிடம் பேசுவதில் பெரும்பகுதி கேள்வியும் கட்டளையும்தான்: "இது என்ன? பேர் என்ன? மாமாவுக்கு டாட்டா சொல்லு." திருப்பிச் சொல்லும் குழந்தைக்கு இரண்டுமே பொறி. "தண்ணி வேணும்னு சொல்லு" என்றால் "தண்ணி வேணும்னு சொல்லு" என்றே வரும். "டாட்டா சொல்லு" என்றால் மாமாவைப் பார்த்து "டாட்டா சொல்லு". தவறு குழந்தையுடையது அல்ல, கொடுத்த வரி அப்படி.

திருப்பிச் சொன்னாலும் சரியாக இருக்கும் வரியைக் கொடுங்கள். குழந்தை தண்ணீர்ப் பாட்டிலைப் பார்க்கும்போது, "வேணுமா?" என்று கேட்காமல், குழந்தை பேசுவதுபோலவே "தண்ணி வேணும்" என்று சொல்லுங்கள். நிறுத்துங்கள். மனதுக்குள் ஐந்து வரையோ பத்து வரையோ எண்ணுங்கள். திருப்பிச் சொன்னால் அதுவே சரியான வாக்கியம். சொல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். "சொன்னால்தான் தருவேன்" என்று பிடித்துவைத்தால் அழுகைதான் பழகும், பேச்சு பழகாது.

இங்கே தமிழ் நமக்கு ஒரு சலுகை தருகிறது. ஆங்கிலத்தில் "நான்", "நீ" இல்லாமல் முழு வாக்கியமாகக் கேட்பது கடினம். குழந்தை இரண்டையும் மாற்றிப் போட்டுவிடும். தமிழில் "பசிக்குது", "வலிக்குது", "வேணும்", "வேண்டாம்" என்றாலே முழு வாக்கியம். ஆரம்பத்தில் இவற்றோடு நில்லுங்கள். "சாப்பிடுறியா" என்பதற்கும் "சாப்பிடுறேன்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் மெதுவாக வரட்டும்.

ஆமாம் என்கிறதா, புரியவில்லையா?

"தோசை வேணுமா" என்று திருப்பிச் சொன்னால் ஆமாம் என்றும் இருக்கலாம், ஒன்றும் புரியாமலும் இருக்கலாம். தட்டை நீட்டிப் பாருங்கள். கை வருகிறதா, தள்ளுகிறதா என்பதுதான் பதில். கை வந்தால் "ஆமா, தோசை" என்று சொல்லிக் கொடுங்கள்.

"இட்லியா தோசையா?" என்று வாயால் மட்டும் கேட்டால் கடைசியில் சொன்னது திரும்பி வர வாய்ப்பு அதிகம். இரண்டையும் தட்டில் வைத்துக் காட்டிக் கேளுங்கள். அடுத்த முறை வரிசையை மாற்றுங்கள். இரண்டு முறையும் கடைசிச் சொல்லே வந்தால் அது தேர்வு அல்ல.

பதில் தெரியாத கேள்வியைத்தான் பல குழந்தைகள் அப்படியே திருப்புகின்றன. அவர்களுக்குத் "தெரியல" என்ற பதிலைக் கற்றுத்தரலாம். "சந்திர மாமா எங்க தூங்குவார்?" என்று கேட்டு, எதிரொலி வருவதற்கு முன்பே நீங்களே "தெரியல" என்று சொல்லிவிடுங்கள். சில தடவைக்குப் பின் "தெரி..." என்று மட்டும் எடுத்துக்கொடுங்கள், பிறகு அதுவும் வேண்டாம். நடுநடுவே பதில் தெரிந்த கேள்விகளையும் கலக்காவிட்டால், பேர் கேட்டாலும் "தெரியல" என்றாகிவிடும்.

நீண்ட வரியை உடைப்பது

"பஸ் வந்துருச்சு, வா போலாம்" என்று குழந்தை வெளியே போகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருத்த வேண்டாம். முதலில் "ஆமா, போலாம்!" என்று அதே உற்சாகத்தோடு பதில் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து முன்பகுதியை மட்டும் மாற்றுங்கள்: "கடைக்குப் போலாம்", "தாத்தா வீட்டுக்குப் போலாம்", "மாடிக்குப் போலாம்". தமிழில் வினை கடைசியில் வருவதால் வாலைப் பிடித்துக்கொண்டு தலையை மாற்றுவது எளிது. "பால் முடிஞ்சுபோச்சு, குளியல் முடிஞ்சுபோச்சு" என்பதும் இதே முறை. ஒரு நேரத்தில் இரண்டு மூன்று வால்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். சொல்லும் நேரமும் செய்யும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். மாடிப்படியில் நிற்கும்போதுதான் மாடிக்கான வரி.

எதிரொலிக்கும் குழந்தைகளுக்குத் தனிச் சொற்களே கற்றுத்தரக் கூடாது, நீண்ட வரிகளிலிருந்து படிப்படியாகத்தான் போக வேண்டும் என்று சொல்லும் ஒரு பயிற்சி முறை இப்போது இணையத்தில் பரவலாக இருக்கிறது. குழந்தையின் வரியை மதிப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் படிநிலைத் திட்டத்துக்குப் போதிய ஆய்வுச் சான்று இன்னும் இல்லை. அதை நம்பி, வருகிற தனிச் சொற்களை நிறுத்திவிடாதீர்கள். படஅட்டை காட்டினால் பேச்சு வராது என்பதும், இரண்டு மொழி கேட்டால் குழம்பும் என்பதும் ஆதாரமில்லாத பயங்கள். உங்களுக்கு வாயில் இயல்பாக வரும் மொழியிலேயே பேசுங்கள்.

ஒரே கேள்வியை இருபது தடவை கேட்டால்

"அப்பா எப்ப வருவாங்க?" என்று ஓயாமல் கேட்பது பெரும்பாலும் பதற்றம், சில சமயம் அந்தப் பதிலைக் கேட்பதில் உள்ள ஆசை. இரண்டு தடவை ஒரே வார்த்தைகளில் பதில் சொல்லுங்கள். மூன்றாவது தடவை பதிலைக் கண்ணுக்குக் காட்டுங்கள்: "முதல்ல டிபன், அப்புறம் விளையாட்டு, அப்புறம் அப்பா" என மூன்று படங்கள். "நாளைக்கு", "ஞாயிற்றுக்கிழமை" எல்லாம் பிடிபடாத சொற்கள். அதற்குச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். பாட்டி வீட்டுக்குப் போகும் தாளில் பாட்டி படத்தை ஒட்டி, தினமும் காலையில் ஒரு தாளைக் குழந்தையே கிழிக்கட்டும். பயணம் தள்ளிப்போனால் படத்தையும் குழந்தை பார்க்கவே எடுத்து வேறு தாளில் ஒட்டுங்கள். சொல்லாமல் மாற்றினால் காலண்டரையும் நம்பாது.

தூங்கப்போகும்போது பகலில் கேட்டதையெல்லாம் முணுமுணுத்தால் விட்டுவிடுங்கள். விருந்தாளி முன் "அந்த டயலாக்கைச் சொல்லிக்காட்டு" என்று சொல்ல வைப்பதும், "கிளிப்பிள்ளை" என்று சிரிப்பதும் வேண்டாம். வசவு வார்த்தைக்கு அதட்டினால் அது இன்னும் ஆழமாகப் பதியும். முகத்தில் எதுவும் காட்டாமல், அதே வேகமுள்ள "அய்யோ, வேண்டவே வேண்டாம்!" போன்ற வரியைக் கொடுங்கள்.

திருப்பிச் சொல்வது திடீரென்று அதிகமானால் காது, பல், மலச்சிக்கல், தூக்கம் இந்த நான்கையும் முதலில் பாருங்கள். இருந்த சொற்கள் போய்விட்டாலோ, அவ்வப்போது சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.

பள்ளிக்கு ஒரு பக்கத் தாள் கொடுத்தனுப்புங்கள். இடப்பக்கம் குழந்தை சொல்லும் வரி, நடுவில் அதன் அர்த்தம், வலப்பக்கம் டீச்சர் சொல்ல வேண்டிய பதில். "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" — ஏதோ வலிக்கிறது, அல்லது சுடுகிறது — "வலிக்குது" என்று சொல்லிவிட்டு எங்கே என்று பாருங்கள். பத்து வரிகள் போதும். மாதத்துக்கு ஒரு முறை பழையதை அடித்துப் புதியதைச் சேருங்கள்.