நாற்பதாம் நாளுக்கு முன்பே பேசுங்கள்

இலங்கை முஸ்லிம் குடும்பங்களில் பெண் குழந்தைக்குக் கத்னா, அதாவது பெண்ணுறுப்பில் பிளேடால் கீறும் அல்லது வெட்டும் சடங்கு, செய்வது பெரும்பாலும் பிறந்த 40ஆம் நாளையொட்டித்தான். ஆகவே அது வேண்டாமென்ற பேச்சைக் கர்ப்ப காலத்திலேயே தொடங்குங்கள். கத்னா செய்யும் பெண்ணான ஒஸ்தா மாமிக்குச் சொல்லியனுப்பிய பிறகு வாய் திறந்தால் அது குடும்பச் சண்டையாகிவிடும். மருத்துவமாதுவாக ஊர் ஊராக வேலை செய்த நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் பிள்ளையின் பாட்டியான உம்மும்மாவிடம் போங்கள். முடிவு அவர் கையில்தான். "கொடுமை" என்று ஆரம்பிக்காதீர்கள். நல்லதென்று நம்பிச் செய்தவர் அவர். "உங்கள் மகளுக்குச் செய்தபோது பிள்ளை எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். ஒரு மூதாட்டி, வெள்ளைத் துணியில் பட்ட இரத்தத்தையும் பிள்ளை பால் குடிக்க மறுத்ததையும் சொல்லிச் சொல்லி அழுதார். அதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"சும்மா கீறுவதுதானே" என்பார்கள். நரம்புகள் செறிந்த, கடுகளவு இடம் அது. கைக்குழந்தை துடிக்கும்போது பிளேடு எவ்வளவு ஆழம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? மருத்துவப் பயன் ஒன்றுமில்லை. மருத்துவர்கள் இதைச் செய்யக்கூடாதென்று சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

மார்க்கத் தீர்ப்பை நீங்கள் சொல்லாதீர்கள். கடமை என்று சொல்லும் உலமாக்கள் இங்கே உண்டு; இதற்கு மார்க்க அடிப்படை இல்லையென எகிப்தின் இஸ்லாமியக் கல்வி நிலையமான அல்-அஸ்ஹர் 2007இல் அறிவித்ததும் உண்டு. அதை அறிந்த ஆலிம் ஒருவரை வீட்டுக்கு அழையுங்கள். வாப்பாவும் அருகில் உட்காரட்டும்.

ஒஸ்தா மாமியை ஒதுக்காதீர்கள். ஓதல், விருந்து எல்லாம் நடக்கட்டும். அவருக்குச் சேலையும் காசும் வழக்கம்போலக் கொடுங்கள். பிளேடு மட்டும் வேண்டாமென்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.