உங்கள் திறந்த மூலத் திட்டத்துக்கு வெளிப் பங்களிப்பாளர்களை வரவேற்பது எப்படி? தொடக்கநிலைச் செய்முறை விளக்கம்

ஒரு நிரலை எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் வைத்துவிட்டால் உதவ ஆட்கள் தாமாக வந்து சேர்வார்கள் என்று நானும் நம்பியிருந்தேன். தமிழ்ச் சொற்களில் உள்ள எழுத்துகளை எண்ணித் தரும் சிறிய பைத்தான் நிரலகம் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று விடை வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். நமக்கோ அது மூன்றெழுத்துச் சொல். இந்த வேறுபாட்டைச் சரிசெய்வதுதான் நிரலகத்தின் வேலை. தமிழ் தெரிந்த நிரலர் எவரும் எளிதில் கைவைக்கக்கூடிய திட்டம்தான்; ஆனாலும் முதல் எட்டு மாதங்களில் ஒருவரும் ஒரு வரிகூட அனுப்பவில்லை. வந்து பார்த்தவர்கள் எந்தெந்த இடத்தில் நின்றுவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சீர்செய்யும் வழியை இங்கே எழுதுகிறேன். விளக்கம் கிட்ஹப்பை ஒட்டியது. கிட்லேப், கோட்பெர்க் ஆகியவற்றைப் பயன்படுத்துவோருக்குச் சில பெயர்களும் பொத்தான்களும் மாறுமே தவிர, செய்ய வேண்டிய வேலை பெரிதும் இதுவே.

படி 1: உரிமத்தை முடிவுசெய்யுங்கள்

பொதுவில் கிடக்கும் நிரலெல்லாம் திறந்த மூல நிரல் ஆகிவிடாது. உரிமம் குறிப்பிடப்படாத நிரலின் முழுப் பதிப்புரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது. பிறர் அதைப் பார்ப்பதற்கும், தம் கணக்கில் ஃபோர்க் செய்து, அதாவது நகலெடுத்து வைத்துக்கொள்வதற்கும் மட்டுமே கிட்ஹப்பின் விதிகள் இடம் தருகின்றன. விவரம் அறிந்த நிரலர் உரிமக் கோப்பு இல்லை என்று கண்டதுமே அடுத்த திட்டத்தைப் பார்க்கப் போய்விடுவார். நிபந்தனைகள் குறைவாக இருந்தால் போதும் என்பவர்கள் எம்ஐடி உரிமத்தையும், மாற்றி வெளியிடுவோரும் மூலநிரலைத் தர வேண்டும் என்று விரும்புபவர்கள் ஜிபிஎல் உரிமத்தையும் தேர்ந்து, 'லைசென்ஸ்' (LICENSE) என்ற பெயரில் ஒரு கோப்பாக முதன்மை அடைவில் சேர்க்கலாம். முதல் பங்களிப்பு வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பத்துப் பேர் எழுதிச் சேர்த்த நிரலின் உரிமத்தைப் பின்னர் மாற்ற நினைத்தால், பொதுவாக அந்தப் பத்துப் பேரையும் தேடிப்பிடித்து ஒப்புதல் வாங்க வேண்டிவரும்.

வருபவரிடம் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. சிறு திட்டத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. 'இந்த நிரலை அனுப்ப எனக்கு உரிமை உண்டு' என்ற உறுதிமொழி வேண்டும் என்றால், லினக்ஸ் கெர்னல் 2004 முதல் பின்பற்றிவரும் 'சைன்ட் ஆஃப் பை' முறை போதும். ஒவ்வொரு கமிட் செய்தியின் (மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பின்) அடியிலும் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒரு வரி சேர்ந்துவிடும்.

படி 2: வேறொரு கணினியில் நிறுவிப் பாருங்கள்

பலரும் தாண்டிச் செல்லும் படி இது. என் திட்டத்தில் ஆட்கள் நின்றுபோனதும் பெரும்பாலும் இங்கேதான். கல்லூரி மாணவர் ஒருவர், நிறுவவே முடியவில்லை என்று எனக்கு எழுதியபோது, என் கணினியில் எல்லாம் சரியாகத்தானே ஓடுகிறது என்று முதலில் சலித்துக்கொண்டேன். பிறகு நண்பரின் விண்டோஸ் மடிக்கணினியை வாங்கி, நான் எழுதி வைத்திருந்த குறிப்பை மட்டும் பார்த்து, அதில் இல்லாத எதையும் செய்வதில்லை என்ற உறுதியோடு தொடங்கினேன். மூன்றாம் வரியிலேயே நின்றேன். சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட் என் கணினியில் என்றோ நிறுவப்பட்டிருந்ததால், அதை நிறுவச் சொல்லும் வரியை எழுதவே இல்லை. அதைத் தாண்டினால் அடுத்த பிழை: தமிழ்ச் சொற்பட்டியல் கோப்பைத் திறக்கும் இடத்தில் அதன் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று நான் குறிப்பிடவில்லை. குறிப்பிடாவிட்டால் விண்டோஸில் பைத்தான் அந்தக் கணினியின் வட்டார அமைப்புக்குரிய பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். தமிழ்க் கோப்பு அங்கே பிழைச் செய்தியோடு நின்றுவிடும். லினக்ஸில் இயல்பாகவே யூடிஎஃப்-8 இருப்பதால் என் கண்ணில் இது படவே இல்லை.

ஆகவே புதிய பயனர் கணக்கிலோ, மெய்நிகர் கணினியிலோ, நண்பரின் மடிக்கணினியிலோ உங்கள் குறிப்பை வரி வரியாகப் பின்பற்றுங்கள். களஞ்சியத்தை (திட்டத்தின் கோப்புத் தொகுதியை) அந்தக் கணினிக்குக் குளோன் செய்வதில், அதாவது நகலெடுப்பதில் தொடங்கிச் சோதனைகள் எல்லாம் பச்சையாக முடியும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். அரை மணி நேரத்தைத் தாண்டினால், ஆட்களை அழைப்பதற்கு முன் அதைக் குறைக்கும் வழியைத் தேடுங்கள்.

படி 3: பங்களிப்பு வழிகாட்டியை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்

ரீட்மீ கோப்பு பயன்படுத்துபவருக்கானது. 'கான்ட்ரிபியூட்டிங்' (CONTRIBUTING) என்ற கோப்பு உதவ வருபவருக்கானது. இந்தப் பெயரில் கோப்பு இருந்தால், ஒருவர் புதிய இஷ்யூவையோ (பிழையை அல்லது வேலையைக் குறிக்கும் பதிவு) புல் ரிக்வெஸ்டையோ (தன் மாற்றத்தை இணைக்கக் கேட்கும் வேண்டுகோள்) திறக்கும்போது கிட்ஹப் அதற்கான இணைப்பைத் தானாகவே காட்டும். கிட்ஹப் 2017-இல் நடத்திய திறந்த மூலக் கணக்கெடுப்பில், முழுமையற்ற அல்லது காலங்கடந்த ஆவணங்களைக் குறையாகச் சொன்னவர்கள் 93 விழுக்காட்டினர். இதைப் படித்துவிட்டு நாற்பது பக்கம் எழுதத் தொடங்கிவிடாதீர்கள். நீண்ட ஆவணம்தான் விரைவில் காலங்கடந்து போகிறது.

நிறுவும் முறை, சோதனையை ஓட்டும் கட்டளை, மாற்றத்தை நிரலின் எந்தக் கிளைக்கு (பிராஞ்ச்) அனுப்புவது, கேள்வி இருந்தால் எங்கே கேட்பது, எத்தனை நாளில் பதில் கிடைக்கும் ஆகியவை இருந்தால் பெரும்பாலும் போதும். இவற்றோடு, எதை ஏற்க மாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். என் வழிகாட்டியில் உள்ள வரி இது: 'இந்நிரலகம் எழுத்துகளை எண்ணுவதோடு நிற்கும், எழுத்துப்பிழை திருத்தம், சந்தி பிரித்தல் ஆகியவற்றை இங்கே சேர்ப்பதில்லை.' இந்த ஒரு வரி, யாரோ ஒருவர் இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டுச் சந்தி பிரிப்பானை எழுதி அனுப்பி, நான் அதை மறுத்து, இருவருக்கும் மனம் கசந்துபோவதைத் தவிர்க்கிறது.

படி 4: புதியவருக்கென்று சில வேலைகளை ஒதுக்கி வையுங்கள்

புதிய களஞ்சியங்களில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற லேபிளைக் கிட்ஹப் இயல்பாகவே தருகிறது. அதை ஒட்டிய இஷ்யூக்களைத் தனியே திரட்டியும் காட்டுகிறது. ஆனால் லேபிளை ஒட்டியதால் மட்டும் இஷ்யூ எளிதாகிவிடாது. 'ஒகரத்தில் எண்ணிக்கை தப்பு, சரிசெய்க' என்று நான் முதலில் எழுதி வைத்திருந்தது எனக்கு மட்டுமே புரியும் குறிப்பு. ஐந்து மாதம் கிடந்த அதே இஷ்யூவைப் பிறகு இப்படி மாற்றி எழுதினேன்:

"'கொடி' என்ற சொல்லில் ஒகரக் குறியை ஒரே குறியீடாக உள்ளிட்டால் நிரலகம் 2 என்று சரியாக எண்ணுகிறது. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் இரு குறியீடுகளாக உள்ளிட்டால் 3 என்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எண்ணுவதற்கு முன் சொல்லை யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றினால் சரியாகும். அதற்கான செயற்கூறு பைத்தானுடன் வரும் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ளது. எண்ணும் செயற்கூறின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்து, இரு வடிவங்களுக்கும் ஒவ்வொரு சோதனை எழுத வேண்டும். ஒரு மணி நேர வேலை. தடுமாறினால் இங்கேயே கேளுங்கள்."

நான்கு நாளில் ஒருவர் எடுத்துக்கொண்டார். இவ்வளவு எழுதும் நேரத்தில் நானே திருத்தியிருக்கலாமே என்று தோன்றும்; தோன்றத்தான் செய்யும். அந்த ஒரு வரியை நீங்களே எழுதினால் ஒரு பிழைதான் தீரும். இன்னொருவர் எழுதினால், நிறுவுவது முதல் சோதனை ஓட்டுவதுவரை உங்கள் திட்டத்தின் வழி முழுவதையும் ஒருமுறை நடந்து பழகிய ஆள் ஒருவர் கிடைக்கிறார். ஆகவே இத்தகைய இஷ்யூக்கள் மூன்றையாவது எப்போதும் திறந்தே வைத்திருங்கள். தூக்கம் வராத இரவில் அவற்றில் கைவைக்காதீர்கள். எடுத்துக்கொள்வதாகச் சொன்னவரின் பெயருக்கு அதை ஒதுக்கி, இரண்டு வாரம் செய்தி இல்லையென்றால் கனிவாக ஒருமுறை கேட்டுவிட்டு மற்றவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.

படி 5: நடத்தை விதியும் தானியங்கிச் சோதனையும்

நடத்தை விதிகளைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. 2014-இல் வெளிவந்து இன்று ஏராளமான திட்டங்கள் பயன்படுத்தும் 'கான்ட்ரிபியூட்டர் கோவனன்ட்' என்ற ஆவணத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் முறையீட்டுக்கான முகவரி இட வேண்டிய இடம் காலியாக இருக்கும். உண்மையில் யாராவது திறந்து படிக்கும் மின்னஞ்சலை அங்கே இடுங்கள். காலியிடத்தோடு அப்படியே நகலெடுத்து வைத்திருக்கும் திட்டங்களை நானே பார்த்திருக்கிறேன்.

தானியங்கிச் சோதனையைக் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்ற சேவையில் அமைத்துவிட்டால், இடைவெளி, வரி நீளம் போன்ற சில்லறைக் குறைகளைக் கருவியே சொல்லிவிடும்; அவற்றை மனிதர் வாயால் கேட்பதைவிடக் கருவியிடமிருந்து கேட்பது யாருக்கும் உறுத்தாது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலவசக் கணிப்பொறி நேரத்தைச் சிலர் கிரிப்டோ நாணயம் தோண்டப் பயன்படுத்தியதால், 2021 முதல், புதியவர் அனுப்பும் முதல் புல் ரிக்வெஸ்டில் பராமரிப்பாளர் ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் சோதனை ஓடும். மாற்றத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அன்றே அழுத்துங்கள். இல்லையெனில் அனுப்பியவர் தன்னிடம்தான் ஏதோ தவறு என்று எண்ணிக் காத்திருப்பார்.

படி 6: முதல் புல் ரிக்வெஸ்டுக்குப் பதில் எழுதுங்கள்

மொசில்லா நடத்திய ஆய்வொன்றில், 48 மணி நேரத்துக்குள் மதிப்பாய்வு கிடைத்தவர்கள் மீண்டும் பங்களிக்க வருவது மிக அதிகமாக இருந்தது. முழு மதிப்பாய்வுக்கு நேரம் இல்லாவிட்டாலும், 'கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்' என்ற ஒரு வரியை அதற்குள் எழுதிவிடலாம். கொடி இஷ்யூவுக்கு வந்த திருத்தத்துக்கு நான் எழுதிய பதில்: "வணக்கம். இரு சோதனைகளையும் என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், சரியாக உள்ளன. ஔகாரக் குறிக்கும் இதே சிக்கல் உண்டு என்பதால் 'மௌனம்' என்ற சொல்லுக்கும் ஒரு சோதனை சேர்த்துத் தருவீர்களா? அது வந்ததும் இணைத்துவிடுகிறேன். மிக்க நன்றி." மாறியின் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, அதை அவரிடம் சொல்லாமல், இணைத்த பிறகு நானே மாற்றிக்கொண்டேன். கட்டாயம் செய்ய வேண்டியதையும் என் விருப்பத்தையும் கலந்து பதினான்கு குறிப்புகளாக எழுதினால், முதல்முறை வருபவருக்கு எது முக்கியம் என்றே விளங்காது.

மறுக்க வேண்டிய மாற்றங்களும் வரும். மாதக்கணக்கில் திறந்தே வைத்திருப்பதைவிட, காரணத்தை இரண்டு வரியில் சொல்லி மூடுவதே மரியாதை. எல்லாப் பங்களிப்பும் நல்லெண்ணத்தோடு வருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் மாதப் பங்களிப்பு நிகழ்வில் 2020-இல் இலவச டி-சட்டைக்காகப் பொருளற்ற புல் ரிக்வெஸ்டுகள் வந்து குவிந்ததால், தாமாக முன்வந்து பதிந்துகொள்ளும் களஞ்சியங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததைப் படித்துக்கூடப் பாராமல் அனுப்புவோர் உண்டு. 'இந்த வரி எதற்கு?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். தன் நிரலைப் புரிந்துகொண்டு அனுப்பியவருக்கு அந்தக் கேள்வி சுமையாக இருக்காது.

படி 7: பெயரைச் சேருங்கள், உரிமைகளை மெல்லக் கொடுங்கள்

மாற்றத்தை இணைத்ததும், அடுத்த வெளியீட்டுக் குறிப்பில் பங்களித்தவர் செய்ததையும் அவர் விரும்பும் பெயரையும் எழுதுங்கள். அவருடைய நிரலை நீங்கள் திருத்தி எழுதிச் சேர்த்திருந்தால், கமிட் செய்தியில் அவரை இணை ஆசிரியராகக் குறிப்பிடத் தவறாதீர்கள்.

மூன்று நான்கு முறை வந்தவருக்குக் கூடுதல் பொறுப்பு தரத் தோன்றும். தனிநபர் கணக்கில் உள்ள களஞ்சியத்தில் ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு நேரடியாக எழுதும் உரிமையே கிடைத்துவிடும். ஆகவே கட்டணமில்லாத நிறுவனக் கணக்கு ஒன்றைத் தொடங்கித் திட்டத்தை அதற்கு மாற்றி, முதலில் இஷ்யூக்களை வகைப்படுத்தும் 'ட்ரையாஜ்' பொறுப்பை மட்டும் கொடுங்கள். 2021 முதல் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற சுருக்கக் கருவிக்குப் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியீட்டு உரிமையையும் பெற்ற ஒரு கணக்குதான் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவை (மறைவாக உள்ளே புகும் வழியை) நுழைத்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலர் 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தார். இதற்காக வருபவரையெல்லாம் ஐயத்தோடு பார்க்க வேண்டியதில்லை. முதன்மைக் கிளைக்குப் பாதுகாப்பு விதியை இட்டு, உங்கள் மாற்றம் உட்பட எதுவும் இன்னொருவர் பார்க்காமல் அதில் சேராதபடி செய்யுங்கள். இருபடிச் சரிபார்ப்பை எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். பைத்தான் தொகுப்புகளுக்கான தளமான பைபிஐயில் வெளியிடும் உரிமையை, இரண்டாவது பராமரிப்பாளரோடு ஒரு முழு வெளியீட்டையாவது சேர்ந்து செய்து முடிக்கும்வரை உங்களிடமே வைத்திருங்கள்.