யூத வெறுப்புப் பதிவு கண்ணில் பட்டால்: பெர்லினிலிருந்து சில வழிமுறைகள்

எனக்குப் பகலில் கணக்கு எழுதும் வேலை. சாயங்காலத்தில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, யூதர்கள் மேல் வெறுப்பைக் கொட்டும் இணையப் பதிவுகளைத் தேடிப் புகார் செய்கிறேன். இருப்பது பெர்லின் என்பதால் ஜெர்மன் சட்டத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பார்த்ததும் பதில் போடக் கை பரபரக்கும். போடாதீர்கள். புகார் பட்டனும் அப்புறம்தான். முதல் வேலை ஸ்கிரீன்ஷாட்: கணக்கின் பெயர், தேதி, நேரம், லிங்க், அது எந்தப் பதிவுக்கு வந்த பதில் என்பது, எல்லாம் தெரிய வேண்டும். இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் ஒரு நகல் போட்டுவிடுங்கள். தளம் பதிவை நீக்கிவிட்டால் போலீஸிடம் காட்ட வேறெதுவும் மிஞ்சாது.

நேரடி வசவைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். சங்கேதம்தான் வம்பு. ஒரு பெயரைச் சுற்றி (((இப்படி))) மூன்று அடைப்புக்குறி போட்டால் "இவர் யூதர், குறி வையுங்கள்" என்று அர்த்தம். 2016இல் பரவலாகத் தெரியவந்தது. 88 என்றால் 'ஹைல் ஹிட்லர்' என்ற நாஜி வாழ்த்து, இரண்டு சொல்லும் தொடங்கும் எச் (H) எட்டாவது எழுத்து என்பதால். ஆனால் 1988இல் பிறந்தவரும் 88 வைத்திருப்பார், அதை மட்டும் வைத்து யார் மேலும் பாயாதீர்கள்.

இப்போது அடிக்கடி பார்ப்பது '271கே'. இதன் பின்னால் ஒரு காகிதம் சுற்றுகிறது: செஞ்சிலுவைச் சங்கக் கணக்குப்படி நாஜி முகாம்களில் இறந்தவர்கள் 2,71,301 பேர்தானாம். காகிதம் உண்மையில் ஆரோல்சன் என்ற ஜெர்மன் ஊரின் சிறப்புப் பதிவு அலுவலகம் சம்பந்தப்பட்டது. யாராவது விண்ணப்பித்து, ஆவணமும் இருந்தால் அங்கே இறப்புச் சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழ்களின் எண்ணிக்கைதான் அது. ஆஷ்விட்ஸ் நாஜி முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட சுமார் 13 லட்சம் பேரில் சுமார் 4 லட்சம் பேருக்குத்தான் கைதி எண் கொடுத்துப் பதிந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் ரயிலிலிருந்து இறங்கியதும் நேராக விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். பதிவேட்டில் பெயரே ஏறாதவருக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? இந்த விளக்கத்தை நாலு வரியில் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

சரி, எங்கே சொல்வது? தளத்தில் 'விதிமீறல்' என்று தட்டாமல் 'சட்டவிரோத உள்ளடக்கம்' என்ற வழியில் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டப்படி, அப்படி வரும் புகாரில் என்ன முடிவெடுத்தார்கள் என்று தளம் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நாஜிகள் செய்த யூத இனப்படுகொலையை மறுப்பது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 130ஆவது பிரிவில் வரும், 5 ஆண்டு வரை சிறை. அதைப் போலீஸின் இணையக் காவல் நிலையத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். குற்றம் என்ற அளவுக்குப் போகாததை யூத வெறுப்புச் சம்பவங்களைப் பதிவுசெய்யும் ரியாஸ் (RIAS) அமைப்புக்கு அனுப்புங்கள், அதையும் ஆவணப்படுத்துவார்கள்.

இஸ்ரேல் அரசையோ காஸா போரையோ கண்டிக்கும் பதிவுகளை நான் தொடுவதில்லை. அந்தக் கோபத்தை பெர்லினில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் யூதர் மேல் திருப்பினால் குறித்துக்கொள்வேன். யூத வெறுப்புக்கு 2016இல் வந்த ஐஎச்ஆர்ஏ (சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி) வரையறையும், அதற்கு மாற்றாக அறிஞர்கள் எழுதிய 2021இன் ஜெருசலேம் பிரகடனமும் பல இடங்களில் மோதிக்கொண்டாலும் இந்த ஒன்றில் ஒத்துப்போகின்றன. இரண்டையும் படித்துவிட்டு வேலையில் இறங்குங்கள்.

பதில் கடைசியில், அதுவும் ஒன்றே ஒன்று. எழுதியவர் மாற மாட்டார், சும்மா படித்துவிட்டுப் போகிறவர்களுக்காக எழுதுங்கள். மூலப் பதிவைப் பகிர்ந்து திட்டாதீர்கள், அவருக்கு இலவச விளம்பரம் அது.

குடும்ப வாட்ஸ்அப் வேறு கதை. "எல்லா யூதரையும் கொன்றிருப்பேன், ஏன் கொன்றேன் என்று தெரியத்தான் சிலரை விட்டுவைத்தேன்" என்று ஹிட்லர் சொன்னதாக ஒரு படம் வருமே, அது இட்டுக்கட்டியது. குழுவில் வைத்து மானத்தை வாங்காமல் தனியாகக் கேட்பேன்: "மாமா, இது எந்தப் பேச்சுல இருக்கு? தேதி கிடைச்சா அனுப்புங்களேன்." பெரும்பாலும் தேதி வராது. சிலர் படத்தைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுவார்கள். நீக்காதவருக்கு மறுநாளும் அதே கேள்வியை அனுப்புவேன்.